காரணம் எழுதும் கட்டம்

'விடு' என்ற ஒரு வேரிலிருந்து தமிழில் எத்தனையோ சொற்கள் கிளைத்திருக்கின்றன. விடுதலை, விடுமுறை, விடுப்பு, விடை, வீடு. வீடு என்றால் குடியிருக்கும் இடம். பற்று நீங்கிப் பெறும் பேறும் வீடுதான். விடுதியும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். வழிப்போக்கர் இறங்கி, தங்கி, தம் போக்கில் புறப்பட்டுப் போகும் இடம். ஆனால் அதற்கு முன்னால் 'மகளிர்' என்று சேர்த்துவிட்டால் சொல்லின் பொருள் தலைகீழாகிவிடுகிறது. மாலை ஆறு மணிக்கோ ஆறரைக்கோ கதவு சாத்தப்படும் இடத்துக்கு அப்போது விடுதி என்று பெயர்.

மகளிர் விடுதியில் தங்கிப் படித்த எல்லோருக்கும் அந்த நீள நோட்டு தெரிந்திருக்கும். வாயிற்காவலரின் மேசைமேல், நூலில் கட்டிய பேனாவோடு கிடக்கும். பெயர், அறை எண், வகுப்பு, வெளியே போகும் நேரம், போகும் இடம், காரணம், திரும்பிய நேரம், கையெழுத்து. இருபது ஆண்டுகளுக்கும் முன்னால் நான் தங்கிய விடுதியிலும் அது இருந்தது. இன்று சில கல்லூரிகளில் நோட்டுக்குப் பதிலாக விரல்ரேகைக் கருவி வந்திருக்கிறது. பெண் வாசலைத் தாண்டிய மறுகணம் ஊரில் இருக்கும் அப்பாவின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. எது மாறினாலும் 'காரணம்' என்ற கட்டம் மட்டும் மாறவில்லை.

அந்தக் கட்டத்தில் நாங்கள் எழுதியது பெரும்பாலும் 'ஜெராக்ஸ்'. அடுத்தபடியாக மருந்துக்கடை, தையற்கடை. ஒரு மாதத்து நோட்டைப் புரட்டினால், அந்த ஊரில் பெண்கள் பாடப்புத்தகங்களை நகலெடுப்பதைத் தவிர வேறெதையுமே செய்யவில்லை என்று தோன்றும். 'சும்மா நடக்க', 'தோழியோடு டீ குடிக்க', 'மனசு சரியில்லை, கொஞ்சம் காற்றாட' என்று ஒருத்தியும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. இவையெல்லாம் காரணங்கள் அல்ல என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒருவருடைய சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்தான் அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். இது அறவியலின் அரிச்சுவடி. தெருவில் நடப்பவர் ஏன் நடக்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. அவரை வழிமறிப்பவர்தான் விளக்க வேண்டும். விடுதி நோட்டில் இந்த முறை தலைகீழாக இருக்கிறது. பூட்டுகிறவர்கள் எங்கும் காரணம் எழுதுவதில்லை. வெளியே போகிறவள் எழுதுகிறாள். பதினெட்டு வயதில் வாக்களிக்கலாம் என்று 61ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. யார் நாட்டை ஆளலாம் என்று தீர்மானிக்கத் தகுதி பெற்றவள், மாலை ஏழு மணிக்குப் பழச்சாறு குடிக்கலாமா என்பதைத் தீர்மானிக்கத் தகுதியற்றவளாக இருக்கிறாள். வயதுவந்த ஒரு மனுஷியை அவளுடைய நன்மைக்காகவே பூட்டி வைப்பது அறமாகுமா? நான் கேட்க விரும்பும் கேள்வி இது.

இதற்கு எளிதாக 'ஆகாது' என்று சொல்லிவிட்டு நகர முடியாது. எதிர்த்தரப்பில் வலுவான ஒரு வாதம் இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் நம் அம்மாக்களும் அப்பாக்களும்.

சில ஆண்டுகள் விடுதிப் பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். ஜூன் மாதத்தில் தகரப் பெட்டியோடும் பாய் தலையணையோடும் வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் பெண்ணாக இருப்பாள். அப்பா கட்டணத்தைப் பற்றிக் கேட்கும் முன் கேட்பது, "கேட்டு எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க, மேடம்?" என்பதைத்தான். ஆறு மணி என்றால் அவர் முகம் தெளியும். அந்தப் பூட்டைக் காட்டித்தான் அவர் ஊரில் தன் அண்ணன்களையும் மாமன்களையும் சமாளித்துவிட்டு வந்திருக்கிறார். பூட்டு இல்லையென்றால் அந்தப் பெண் பிளஸ் டூவோடு நின்றிருப்பாள். அப்படியானால் பூட்டுதானே அவளுக்குக் கல்வியைத் திறந்துவிட்டது?

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்று, 1912இல் தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்காகச் சென்னையில் ஓர் இல்லம் தொடங்கினார். பின்னாளில் மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்த இல்லம் இயங்கியது. தலை மழிக்கப்பட்டு இருட்டறையில் கிடந்திருக்க வேண்டிய சிறுமிகள் அங்கிருந்து பள்ளிக்குப் போனார்கள். சிலர் 1914இல் தொடங்கப்பட்ட ராணி மேரிக் கல்லூரி வரை போனார்கள். ஒழுங்கும் காவலும் உள்ள இல்லம் என்பதால்தான் அவர்களின் குடும்பங்கள் அனுப்பின. நம் பெண்கல்வியின் அடித்தளத்தில் இப்படியான இல்லங்கள் இருக்கின்றன. அதை மறந்துவிட்டு விடுதியை வெறும் சிறை என்று பேசுவது நன்றி கொல்வது.

ஆனால் அதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐஸ் ஹவுஸின் கதவு பிராமண விதவைகளுக்காகத் திறந்த கதவு. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண்களைச் சேர்த்துக்கொள்ளச் சாதி பார்த்த விடுதிகள் முன்வராத நிலையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக் காத்தார். 1930ஐ ஒட்டி அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். ஆக, பெண்கள் விடுதியின் கதவு தொடக்கத்திலிருந்தே இரண்டு வேலைகளைச் செய்திருக்கிறது. உள்ளே இருப்பவளைக் காத்தது; யார் காக்கத் தகுந்தவள், யார் தகாதவள் என்றும் பிரித்தது. பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் மானம், சாதி, கற்பு எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. இன்றும் அந்த மடிப்பு முழுதாகப் பிரியவில்லை.

இன்றைய பூட்டு காப்பது பெண்ணையா, அவள் குடும்பத்தின் பெயரையா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. தாமதமாக வருகிறவளுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊரிலிருந்து வரும் பேருந்து வழியில் பழுதாகி, ஒருத்தி இரவு ஒன்பதரைக்கு வாசலில் வந்து நிற்கிறாள். அவள் பாதுகாப்புதான் நோக்கம் என்றால், அந்த வேளையில் முதலில் திறக்க வேண்டியது கதவு. பல இடங்களில் முதலில் திறப்பது நோட்டு. பிறகு தொலைபேசி. அப்பாவோடு பேசி, "உங்க பொண்ணு இப்பதான் வர்றா" என்று சொன்ன பிறகு, விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு, கதவு. அதுவரை அவள் தெருவில் நிற்கிறாள். என் மாணவி ஒருத்தி இப்படி ஒருமுறை தாமதமானபோது விடுதிக்கு வரவே பயந்து, பேருந்து நிலையத்தில் பூக்காரப் பாட்டி ஒருவரின் பக்கத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். பல மாதங்கள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். "ரோட்டைவிட கேட்டுதான் மேடம் பயமா இருந்துச்சு" என்றாள். அவளைக் காப்பதற்கென்று போட்ட விதி, அவள் காவலின்றி ஓர் இரவைக் கழிக்கக் காரணமானது.

பாதுகாப்பு நோக்கமாக இருந்தால் செய்ய வேண்டிய வேலைகள் வேறு. நூலகத்திலிருந்து விடுதிவரை விளக்குகள். இரவு எட்டு மணிக்கும் ஓடும் ஒரு கல்லூரிப் பேருந்து. நடு இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். பெண்களைத் தொல்லை செய்பவனைத் தண்டிக்கும் புகார்க் குழு. இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், உழைப்பு வேண்டும். பூட்டு மலிவானது. அதன் விலையை நிர்வாகம் தருவதில்லை, மாணவி தருகிறாள்.

காவல் என்பதைப் பற்றித் தமிழ் நெடுங்காலமாக யோசித்திருக்கிறது. அகப்பாடல்களில் தலைவியை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் நிலைக்கு இற்செறிப்பு என்று பெயரே உண்டு. காவலுக்குத் தாயும் செவிலியும் இருப்பார்கள். காப்பவர்களும் பெண்களே. இன்று வார்டன்களாக இருக்கும் பெண்களை, தாங்களும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வாழ்ந்துகொண்டு, தங்கள் இரவுகளையும் விட்டுக்கொடுத்துக்கொண்டு, யாருடைய கட்டளைக்கோ காவல் நிற்பவர்களாகவே நான் பார்க்கிறேன். வள்ளுவரும் சிறையால் காக்கும் காப்பு பயன்படாது என்று கண்டிருக்கிறார். ஆனால் அதற்குப் பதிலாக அவர் வைப்பது பெண்ணின் நிறை. அவள் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் காப்பு. வெளியே இருந்த பூட்டு உள்ளே போகிறது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு என்று நம் மரபு நமக்குச் சொல்லித் தரவில்லை. பூட்டும் இல்லாமல், தன்னைத் தானே வேவு பார்ப்பதும் இல்லாமல், ஒரு பெண் இருக்கும் நிலை அது. அதை நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் 'காரணம்' கட்டத்துக்கு மீண்டும் வருகிறேன். அது செய்யும் தீங்கு நேரத்தைக் குறைப்பது மட்டுமல்ல. அது பொய்யைப் பழக்குகிறது. உண்மை எழுதினால் அனுமதி கிடைக்காது, பொய் எழுதினால் கிடைக்கும் என்ற இடத்தில் மூன்று ஆண்டுகள் வாழ்கிறவள் என்ன கற்பாள்? தன் விருப்பத்தைச் சொல்வது ஆபத்து என்று கற்பாள். எல்லோரும் பொய் சொல்லத்தான் வேண்டும் என்று ஆக்கிவைக்கும் விதி, ஒழுக்க விதி ஆகாது. எழுதுபவருக்கும் தெரியும், கையெழுத்திடும் வார்டனுக்கும் தெரியும், ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் தெரியும். பிறகு ஒருநாள் உண்மையாகவே ஏதேனும் தீங்கு நேர்ந்தால், யாரேனும் அவளைத் தொந்தரவு செய்தால், அவளால் வந்து சொல்ல முடிவதில்லை. முதல் கேள்வியே, "நீ ஜெராக்ஸ்னுதானே எழுதின, அங்க எதுக்குப் போன?" என்றுதான் வரும். பொய் சொல்ல வைத்துவிட்டு, அந்தப் பொய்யைக் காட்டியே வாயை அடைக்கும் ஏற்பாடு இது.

இரண்டாவது இழப்பு நட்பு. விடுதியில் நட்பு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. குளியலறை வரிசையிலும் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றின் கீழும், ஒருத்தி வீட்டிலிருந்து வந்த முறுக்கை ஏழு பேர் பகிர்ந்துகொள்ளும்போதும் பிறந்த தோழமைகள்தான் என் வாழ்வின் பெரிய சேமிப்பு. ஆனால் அவை பெரும்பாலும் ஒரே வயதினர், ஒரே கட்டடத்தினர். கல்லூரிக் காலத்தில் ஒருவர் பெறும் வேறு வகை உறவுகளும் இருக்கின்றன. மாலையில் டீக்கடையில் சீனியரோடு நடக்கும் வாக்குவாதம். ஒரு புத்தக வெளியீட்டில் அறிமுகமாகும் எழுத்தாளர். நாடக ஒத்திகை. திரைப்படச் சங்கத்தில் படம் முடிந்தபின் நடக்கும் பேச்சு. இலக்கியக் கூட்டங்கள் மாலை ஆறு மணிக்குத்தான் தொடங்குகின்றன. எப்போதும்போல அரைமணி நேரம் தாமதமாக. என் தலைமுறையில் எழுத வந்த பெண்களில் பலர் கூட்டத்தின் வரவேற்புரையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள். அதே வயது ஆண்கள் கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசிய பேச்சில்தான் பத்திரிகைகள் தொடங்கின, பதிப்பாளர்கள் அறிமுகமானார்கள், வேலைகள் கிடைத்தன. பிறகு, "பெண்கள் ஏன் அதிகம் எழுத வரவில்லை?" என்று கருத்தரங்கு நடத்துவார்கள். அதையும் மாலை ஆறு மணிக்கே வைப்பார்கள்.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூலின் வாதம் இங்கே பொருந்தும். பெண் பொதுவெளியில் இருக்க வேண்டுமானால் எப்போதும் ஒரு வேலையோடு இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலையில்லாமல் சும்மா இருப்பதும் ஒரு குடியுரிமைதான் என்கிறது அந்த நூல். பாதுகாப்பை மட்டும் கேட்டால் நமக்குப் பூட்டுத்தான் கிடைக்கும், ஆகவே ஆபத்தை ஏற்கும் உரிமையையும் கேட்போம் என்கிறார்கள் அவர்கள். மலையேறுகிறவனுக்கும் இருசக்கர வண்டி ஓட்டுகிறவனுக்கும் அந்த உரிமையைச் சமூகம் கேள்வியின்றித் தந்திருக்கிறது. அவன் விழுந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஏன் போனாய் என்று விசாரணை வைப்பதில்லை.

விடுதி வேண்டாம், வெளியே அறை எடுக்கலாம் என்றால் அங்கே வேறு நோட்டு காத்திருக்கிறது. ஆய்வு மாணவி ஒருத்தி அறை தேடிய கதையைக் கேட்டிருக்கிறேன். முதல் வீட்டில் 'குடும்பத்துக்கு மட்டும்'. இரண்டாவது வீட்டில் 'சைவம் மட்டும்'. மூன்றாவது வீட்டு அம்மா காபி எல்லாம் கொடுத்து, முதுகில் தட்டி, "நீங்க என்ன ஆளுங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். பதில் சொன்ன பிறகு, வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்ததும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் இன்றுவரை ஊரிலிருந்து வரவில்லை. இஸ்லாமியப் பெண்ணுக்குப் பெயரைக் கேட்டதுமே பதில் கிடைத்துவிடுகிறது. கடைசியில் அவள் சேர்ந்தது ஒரு தனியார் லேடீஸ் ஹாஸ்டலில். ஓர் அறையில் நான்கு கட்டில்கள், இரண்டு மாத முன்பணம், ஒன்பதரைக்குக் கதவடைப்பு. வாசல் சாத்தப்படுவதைப் பற்றிப் பேசும்போது, வாசலே திறக்கப்படாதவர்களைச் சேர்த்தே பேச வேண்டும். தலித் பெண்ணுக்கும் இஸ்லாமியப் பெண்ணுக்கும் விடுதியை விட்டு வெளியேறும் வசதிகூட இல்லை. ஆகவே விடுதியின் விதிகள் அவர்கள் மீதுதான் அதிகக் கனத்தோடு இறங்குகின்றன.

2015இல் டெல்லியில் மாணவிகள் 'பிஞ்ஜ்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்று கிளம்பினார்கள். பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வகுத்த 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிகளில் ஆண்களுக்கு இல்லாத விதிகளைத் திணிக்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. நம் கல்லூரிகளில் எத்தனை மாணவிகளுக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது? கேரளத்தில் திருச்சூர்க் கல்லூரி விடுதி மாணவி ஒருவர், மாலைக் காட்சிகளுக்குப் போகக்கூடாது என்பது போன்ற விதிகளை எதிர்த்து வழக்காடினார். நிர்வாகம் தன் ஒழுக்கக் கருத்துகளை மாணவிகள் மீது சுமத்த முடியாது என்று 2019இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் ஒன்பதரை மணிக் கதவடைப்பை எதிர்த்துப் போனார்கள். அதையொட்டி அரசு, மருத்துவக் கல்லூரிகளில் ஆண், பெண் இரு விடுதிகளுக்கும் ஒரே நேரம் என்று ஆணையிட்டது.

அந்த ஆணை நம்மை யோசிக்க வைக்கிறது. இருவரையும் ஒரே மணிக்குப் பூட்டினால் சமத்துவம் வந்துவிடுமா? பாகுபாடு நீங்குகிறது, உண்மை. ஆனால் நாம் கேட்டது அடைபடுவதில் சமபங்கு அல்ல. சமத்துவம் என்ற அளவுகோல் மட்டும் கையில் இருந்தால் இந்த இடத்தில் நமக்கு எதிர்க்க வார்த்தை இருக்காது. வயதுவந்தவர் என்ற மதிப்பையும் சேர்த்துக் கேட்டால்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் உயர்கல்வியின் மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி 47 சதவீதம்; பெண்கள் ஆண்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை. 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் நம் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் சட்டம். உரிமமின்றி விடுதி நடத்தக்கூடாது என்பது நல்ல சட்டம்தான். ஆனால் ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கும் பெண்ணும் ஆறு வயதுக் குழந்தையும் அந்தத் தலைப்பில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குழந்தை என்று வைத்துவிட்டால் வரும் பெரிய கேடு, அவள் நன்றி சொல்ல வேண்டியவளாகிறாள் என்பது. தண்ணீர் வராத குழாய், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, புழு நெளியும் சாம்பார், நாப்கினை எறிய இடமில்லாத நிலை. அரசு விடுதிகளில் தங்கும் என் மாணவிகளுக்குக் கதவு நேரத்தைவிட இவை பெரிய துயரங்கள். கதவைப் பற்றிப் பேசுவது வசதியுள்ளவர்களின் கவலை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு இவை இரண்டும் ஒரே பிரச்சினையாகத்தான் தெரிகின்றன. தஞ்சம் புகுந்தவள் குறை சொல்லக்கூடாது. குடியிருப்பவள் சொல்லலாம். "இவ்வளவு பாதுகாப்பாக வைத்திருக்கிறோமே" என்ற ஒரு வாக்கியத்தால் குழாயைப் பற்றிய புகாரையும் அமுக்கிவிட முடிகிறது. தான் குடியிருப்பவள் என்று உணரும் மாணவிதான் சாம்பாரைப் பற்றியும் பேசுவாள், கதவைப் பற்றியும் பேசுவாள்.

அப்படியானால் அந்த அப்பாவுக்கு என்ன பதில்? அவர் பயம் பொய்யல்ல. அவருக்கு உண்மையான தகவல் தர வேண்டும்: இரவில் பேருந்து உண்டு, அழைத்தால் எடுக்க ஆள் உண்டு, எந்நேரம் வந்தாலும் உங்கள் மகளுக்குக் கதவு திறக்கும் என்று. இவற்றைச் செய்துவிட்டுச் சொல்ல வேண்டும். அவருடைய நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கடனை அவர் மகளின் சுதந்திரத்திலிருந்து எடுத்து அடைக்க நமக்கு உரிமையில்லை. ஒன்றையும் கவனித்திருக்கிறேன். அப்பா பூட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு நகர்ந்த பிறகு, அம்மா பின்தங்கி நின்று மெதுவாக ஏதாவது சொல்வார். ஓர் அம்மா சொன்னது: "நான் எங்கயும் போனதில்ல, மேடம். கடல்கூடப் பாத்ததில்ல. டூர் ஏதாச்சும் கூட்டிட்டுப் போனா இவளையும் சேத்துக்கங்க. இவங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்." குடும்பம் விரும்புகிறது என்று நாம் சொல்லும்போது, அந்தக் குடும்பத்தில் அந்த அம்மாவின் விருப்பத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகும் ஒரு காதை உண்டு. அரசனிடம் மணிமேகலை கேட்டுப் பெறும் வரம் அது. கட்டடத்தை அவள் இடிக்கச் சொல்லவில்லை. அதன் நோக்கத்தை மாற்றுகிறாள். உள்ளே இருப்பவர்களை விடுவித்துவிட்டு, பசித்து வருகிறவர்களுக்கு அதைத் திறந்து வைக்கிறாள். நம் விடுதிகளிலும் செய்ய வேண்டியது அவ்வளவுதான். இரவில் கதவு சாத்தியிருக்கட்டும். எந்த வீட்டுக் கதவும் இரவில் சாத்தித்தான் இருக்கும். ஆனால் அங்கே வசிப்பவளுக்கு அது எந்நேரமும் திறக்க வேண்டும். நோட்டும் இருக்கட்டும், எங்கே போகிறாய், அவசரமென்றால் எந்த எண்ணில் அழைக்கலாம் என்று கேட்கட்டும். அது அக்கறை. விதிகளை அங்கே வசிக்கும் பெண்களும் சேர்ந்து வகுக்கட்டும். சாதியும் மதமும் கேட்காத அறைகளை அரசும் பல்கலைக்கழகங்களும் போதுமான அளவு கட்டட்டும். அந்த நோட்டிலிருந்து ஒரே ஒரு கட்டத்தை மட்டும் நீக்கிவிட வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் யாரேனும் நாளை மாலை அந்த நோட்டின் முன் நிற்கக்கூடும். ஜெராக்ஸ் என்று எழுதுவதா, உண்மையை எழுதுவதா என்பதைத் தனியாக ஒருத்தி தீர்மானிப்பது கடினம். தண்டனையும் அவள் ஒருத்திக்கே வரும். ஒரே மாலையில் அறுபது பேர் 'சும்மா நடக்க' என்று எழுதினால், அந்தப் பக்கத்தைப் படித்து அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியவர்கள் நிர்வாகத்தினர்தான். காரணம் சொல்ல வேண்டிய முறை அப்போது அவர்களுடையதாகும்.